ஓஃபெலியா வரும் வழி

ரெமிஹியோவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

மெக்சிகோவில் மலையடிவாரத்துச் சின்ன ஊர் அது. இறந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்து சாப்பிட்டுப் போகிற நாள். மதியம் கோயில் மணி அடித்ததும் வந்துவிடுவார்கள். ரெமிஹியோவின் மனைவி ஓஃபெலியா போன கோடையில்தான் கண்ணை மூடினாள். அவள் வரப்போவது இதுதான் முதல் தடவை.

காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர், ஓய்வு பெற்ற பிறகு ஜெபம் படிக்கச் சேர்ந்தார். ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் ஜெபம் சொல்லும் ஹசிந்தாதான் அவருக்கு குரு. வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் குருவம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"சீக்கிரம் வாங்க குருவம்மா. ஓஃபெலியா பாத்தா அசந்துபோயிடுவா."

ஹசிந்தா மிளகாய் அரைத்த கையைக் கழுவிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

ஊர்ச் சதுக்கத்தில் பாண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. முகத்தில் மண்டையோடு வரைந்த வெளியூர்க் கூட்டம் செல்போனும் கையுமாக அலைந்தது. ஒரு குளிர்பானக் கம்பெனி படையல் போட்டி வைத்திருந்தது. ஜெயிக்கிற படையலை டிவியில் காட்டுவார்களாம். நம் ரெமிஹியோவின் படையல் மாடி உயரத்துக்கு நின்றது. வாடாத பிளாஸ்டிக் செண்டுமல்லி. அணையாத பேட்டரி மெழுகுவத்தி. ஈ மொய்க்கக் கூடாது என்று சுண்ணாம்பில் செய்து வர்ணம் அடித்த ரொட்டி. எல்லாம் கம்பெனி உபயம். உச்சியில் கதவளவு படத்தில் ஓஃபெலியா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹசிந்தா அண்ணாந்து பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. வீட்டுல என்ன வெச்சீங்க?"

"வீட்டுல எதுக்கு? பூட்டிட்டு வந்துட்டேன். அவ படம், அவ தட்டு, அவ சால்வை, எல்லாம் இங்கதான்."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் குருவம்மா. இவ்வளவு கூட்டத்துல அவ வழி தவறாம வந்துடுவாளா? அவளுக்குப் புதுசு இல்லையா?"

 ஹசிந்தா படையலில் இருந்த சால்வையை எடுத்தாள்.

"முதல் பாடம் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? செத்தவங்க கண்ணை மண்ணுகிட்ட விட்டுட்டு வராங்க. வாசனையைப் பிடிச்சுத்தான் வழி கண்டுபிடிக்கிறாங்க." பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வது போல கடகடவென்று ஒப்பித்தார்.

ஹசிந்தா அவரைக் கல்லறைச் சாலை சதுக்கத்தில் வந்து சேரும் முனைக்குக் கூட்டிப் போனாள். சால்வையால் அவர் கண்ணை இறுக்கக் கட்டினாள். தோளைப் பிடித்துச் சுற்றிவிட்டாள்.

"இப்ப நீங்கதான் ஓஃபெலியா. கிளம்புங்க."

ரெமிஹியோ சிரித்தார். படையலைக் கட்டினவனுக்குத் தெரியாதா அது நிற்கிற இடம்? கையை நீட்டிக்கொண்டு ஜம்மென்று நடந்தார். கொஞ்ச தூரத்திலேயே திக்குத் தெரியாமல் போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாண்டுச் சத்தம். டீசல் நாற்றம் வந்தது. பிறகு யாரோ பூசியிருந்த சென்ட். பிறகு எண்ணெயில் பொரிகிற சோளம். தோள் எதிலோ மோதியது.

"பெரியவரே, படையல்ல இடிக்காதீங்க," என்று ஒரு குரல் அதட்டியது.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகி நடந்தார். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. இந்த அமளியில் அவள் எப்படித்தான் வருவாள்?

அப்போதுதான் அது வந்தது. செண்டுமல்லி. காம்பைக் கிள்ளினால் எழுமே, லேசாகக் கசக்கிற அந்த வாசனை. கூடவே ரொட்டியில் சோம்பு மணம். ரெமிஹியோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதைப் பிடித்துக்கொண்டு வேகமாக, பிறகு ஏறக்குறைய ஓட்டமாகப் போனார். முழங்கால் ஒரு கல்லில் இடித்தது. அப்படியே மண்டியிட்டார்.

"பாத்தீங்களா குருவம்மா! நேரா வந்துட்டேன்!"

சால்வையை அவிழ்த்தார்.

எதிரே கோயிலின் வெளிச்சுவர். சுவரடியில் ஒரு பலகைக் கல். அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஒரு ரொட்டி, பூக்காரர்கள் விற்காமல் விட்டுப்போன செண்டுமல்லிக் கட்டு. அந்த இடம் அவருக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் குருவோடு வந்து தண்ணீர் வைத்ததே அவர்தான்.

"என்னோடது எங்கே?"

"நடுவுல தோளால இடிச்சீங்களே, அதுதான்."

ரெமிஹியோ சதுக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஓஃபெலியா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது கூப்பிட ஆளில்லாத ஆத்மாக்களுக்கு வைக்கிறதாச்சே, குருவம்மா."

"ஆமா," என்றாள் ஹசிந்தா. குனிந்து, கல்லின் மேலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிட்டு வைத்தாள். "கவலைப்படாதீங்க. ஓஃபெலியாவும் இவங்களோட உக்காந்து சாப்பிட்டுக்குவாங்க."

கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை. ரெமிஹியோ பூச்சந்தைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார், தோளில் சால்வை புரள, ஒரு கையால் சட்டைப்பையில் வீட்டுச் சாவியைத் துழாவிக்கொண்டு.