கழுதைக் காதுக்கு வந்த சட்டைக்கை

ஒரு ஊர்ல மொக்கையன்னு ஒரு மாட்டுத் தரகன் இருந்தான். அவன் பொண்டாட்டி பேரு காத்தாயி. மொக்கையன் நல்லவன்தான், ஆனா கையைச் சும்மா வச்சிக்கத் தெரியாது. மாட்டுச் சந்தையில ரெண்டு பேரு துண்டைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்கல்ல, அதைப் பாத்துட்டா போதும், சம்பந்தமே இல்லாம இவனும் போய்க் கையை நுழைப்பான். அதுல அவனுக்கு ஒரு சந்தோஷம். காத்தாயி சொல்லிச் சொல்லி அலுத்துப் போனா.

அந்தக் காத்தாயிக்கு ஒரு ஆசை. மிளகு வியாபாரிங்க வருஷாவருஷம் வடக்க மலையைத் தாண்டி, உய்குர்க்காரங்க இருக்கற காஷ்கர் வரைக்கும் போய்ட்டு வருவாங்க. அந்த ஊர்ச் சந்தையைப் பத்திக் கதை கதையா சொல்லுவாங்க. "கண்ணை மூடறதுக்குள்ள அதை ஒருதரம் பாத்துடணும்"னா இவ. வாங்க வேண்டாம், விக்க வேண்டாம், சும்மா சுத்திப் பாக்க. சரின்னு ரெண்டு பேரும் வியாபாரிங்களோட கிளம்பி நடந்தாங்க, நடந்தாங்க, நடந்துகிட்டே இருந்தாங்க. பாதி வழியில காத்தாயிக்கு முட்டி வீங்கிப் போச்சு. அப்புறம் ஒரு கழுதையை வாங்கி, சிட்டுன்னு பேரு வச்சு, அவளை அது மேல ஏத்தி, மலை ஏறி இறங்கி, காஷ்கர் போய்ச் சேந்தாங்க. அந்த ஊர்ப் பேச்சு எப்படிப் புரிஞ்சுதுன்னா கேக்கறே? அத்தனை மாசம் கூட நடந்தா கழுதைக்கே புரியும். நீ குறுக்க பேசாம பழத்தைத் தின்னு.

சந்தைன்னா அதுதான் சந்தை. ஒரு பக்கம் முலாம்பழம் குவிஞ்சு கிடக்கு, நீ இப்ப திங்கற மாதிரி சப்புன்னு இல்ல, கீறினாலே வாசம் தெருவைத் தூக்குது. ஒரு பக்கம் பூவேலை பண்ணின தொப்பி, ஒரு பக்கம் மயில் கழுத்து நிறத்துல பட்டு, ஒரு பக்கம் கைப்பிடியில கல்லு பதிச்ச கத்தி. நடுவுல கழுதை வண்டிக்காரங்க "போஷ், போஷ்"னு கத்திகிட்டே வராங்க. வழி விடுன்னு அர்த்தம். காத்தாயிக்கு ரெண்டு கண்ணு போதல.

மண் அடுப்புல ரொட்டி சுடற குல்நிசாங்கறவ இவங்களைப் பாத்துட்டு, "அக்கா, தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, உக்காந்து சாப்பிடுங்க"ன்னு கூப்பிட்டா. கூஜாவால கைக்குத் தண்ணி ஊத்தினா. ஒருதரம் ஊத்தினா, ரெண்டுதரம் ஊத்தினா, மூணாந்தரமும் ஊத்தினா. மொக்கையன் ஈரக் கையை உதறப் போனான். "உதறாதீங்க அண்ணே, எங்க ஊர்ல அது மரியாதை இல்ல"ன்னு துணியை நீட்டினா. மொறம் அகலத்துக்கு ரொட்டி, நடுவுல குத்திக் குத்திப் பூ போட்டது. அதைப் பிச்சு டீயில நனைச்சுத் தின்னுட்டு, காத்தாயி சொன்னா, "இதுக்கு மேல என்னங்க வேணும், வந்த முட்டி வலி வீண்போகல."

அவ இன்னொரு டீ குடிக்கற நேரத்துல, மொக்கையன் சிட்டுவைப் பிடிச்சிகிட்டு ஆடு மாடு விக்கற பக்கம் போனான். போனவன் அப்படியே நின்னுட்டான். அங்க துண்டு இல்ல, ஆனா எல்லாரும் கையைத் தாண்டி ஒரு முழம் தொங்கற மாதிரி சட்டைக்கை வச்சு அங்கி போட்டிருக்காங்க, அந்தச் சட்டைக்கைக்குள்ள ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சு, விரலை அமுக்கி விலை பேசறாங்க. மொக்கையனுக்குச் சொந்த ஊருக்கே வந்துட்ட மாதிரி கண்ணு கலங்கிப் போச்சு.

அங்க கெரிம்னு ஒரு தரகன், ஆளை எடை போடறதுல கெட்டிக்காரன். இவன் மூஞ்சியைப் பாத்தான், "வாங்க அண்ணே"ன்னு சட்டைக்கையை நீட்டினான். நம்ம ஆளு சும்மா இருப்பானா? நுழைச்சான். அவன் ஒரு விரலை அமுக்கினான், இவனும் குஷியில ஒரு விரலை அமுக்கினான். உடனே கெரிம் கையை உருவிகிட்டு, "முடிஞ்சுது, ஒரு முலாம்பழத்துக்குக் கழுதை எனக்கு"ன்னு பழத்தை இவன் கையில வச்சிட்டு, சிட்டுவை இழுத்துகிட்டுப் போய்த் தன் குதிரை பக்கத்துல கட்டிட்டான்.

முலாம்பழத்தோட வந்து நின்ன புருஷன் நடந்ததைச் சொன்னதும் காத்தாயி டீயைக் கீழ வச்சா. விடிஞ்சா வியாபாரிங்க கிளம்பறாங்க. பனி விழுந்தா மலைப்பாதை மூடிடும். கழுதை இல்லாம அவ மலை ஏற முடியாது, அவளை விட்டுட்டு இவன் போக மாட்டான். "என் கையை வெட்டிப் போடு"ன்னு மொக்கையன் அழுதான். "கை இருக்கட்டும், வேலை இருக்கு"ன்னு அவ எந்திரிச்சா.

சந்தை வழக்கைத் தீக்கறது ஒரு காஜி. அவர்கிட்ட போனாங்க, கூட்டமும் கூடவே போச்சு.

"நான் விக்கல சாமி, ஆசைக்குக் கையை நுழைச்சேன்"னான் மொக்கையன்.

"சட்டைக்கைக்குள்ள கை சொன்னது சொன்னதுதான்"னான் கெரிம்.

"நாங்க வெளியூரு, சும்மா பாக்க வந்தவங்க"ன்னா காத்தாயி.

"வெளியூரோ உள்ளூரோ, கை சொன்னது சொன்னதுதான்."

"உள்ள நடந்ததை யாருப்பா பாத்தா?"ன்னு கேட்டாரு காஜி.

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே உள்ள பேசறது. கை சொன்னது சொன்னதுதான்."

காஜி தாடியைத் தடவினாரு. "வழக்கம் அப்படித்தானே"ன்னாரு. காத்தாயி மெதுவா சிரிச்சா.

"சரிங்கய்யா, அப்ப கழுதை அவரோடதுதான். நாங்க திரும்ப விலை பேசிக்கிறோம்"னா. புருஷன் பக்கம் திரும்பி, "இந்தாங்க, எங்க கையை நுழைக்கலாம்னு அலைவீங்களே, இப்ப நுழைங்க. விரலை மட்டும் அமுக்காதீங்க"ன்னு காதுல சொன்னா.

கெரிமுக்கு இன்னொரு லாபம்னு நினைப்பு. சட்டைக்கையை நீட்டினான். மொக்கையன் பயந்து பயந்து கையை நுழைச்சு, மரக்கட்டை மாதிரி வச்சிருந்துட்டு எடுத்தான்.

எடுத்ததும் காத்தாயி கூட்டத்துக்கே கேக்கற மாதிரி, "கழுதையைத் திருப்பித் தந்துட்டாரு, கூடவே அவரு குதிரையையும் இந்த முலாம்பழத்துக்கே தந்துட்டாரு. அதானேங்க?"ன்னு கேட்டா.

மொக்கையன் முழிச்சான், அப்புறம் புரிஞ்சுது. "அதேதான்"னான்.

"பொய் சாமி! இவன் விரலைத் தொடவே இல்ல"ன்னு கெரிம் குதிச்சான்.

"யாருய்யா பாத்தா?"ன்னா காத்தாயி. "கை சொன்னது சொன்னதுதான்னு மூணு வாட்டி நீங்கதானே சொன்னீங்க."

கூட்டம் வயித்தைப் பிடிச்சிகிட்டுச் சிரிச்சுது. காஜியும் சிரிச்சிட்டு, "கெரிம், ரெண்டு பேச்சும் செல்லும், இல்லன்னா ரெண்டும் செல்லாது. எது வேணும்?"னாரு. அவன் குதிரையைப் பாத்தான், கழுதையைப் பாத்தான். "ரெண்டும் வேண்டாம் சாமி"ன்னான். "அப்ப மொதல்ல கை என்ன சொல்லுச்சு?" "ஒண்ணும் சொல்லல சாமி, அவரு சும்மா அமுக்கினாரு, நான்தான் ஏய்ச்சேன்."

காஜி கத்தரிக்கோலைக் கொண்டாரச் சொல்லி, கெரிமோட அங்கியில ரெண்டு சட்டைக்கையையும் முழங்கைக்கு மேல வெட்டச் சொன்னாரு. "இனிமே ஊரே பாக்க விலை பேசு"ன்னாரு.

வெட்டிப் போட்டதை குல்நிசா எடுத்துட்டுப் போய், உள்ள பஞ்சு வச்சு, ஒரு நுனியைத் தைச்சு, சிட்டுவோட ரெண்டு காதுலயும் மாட்டிவிட்டா. "மலையில குளிரும், பாவம்"னா. மறுநாள் காலையில காத்தாயி மேல உக்காந்திருக்க, சிட்டு பஞ்சு வச்ச காதை ஆட்டிகிட்டு சந்தை வழியா போகுது, முன்னால மொக்கையன் ரெண்டு கையையும் மடியில சொருகிகிட்டு "போஷ், போஷ்"னு கத்திகிட்டு நடக்கறான். ஓரத்துல கெரிம் வெறுங்கையை நீட்டி ஆட்டுக்கு விலை பேசறான், சுத்தி நிக்கற அத்தனை பேரும் அவன் விரலை எட்டிப் பாக்கறாங்க.

மறைவுல சொன்னாலும் வெளிச்சத்துல சொன்னாலும் சொல்லு ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். கழுதை வீடு போய்ச் சேந்துச்சு, நீங்க தின்ன பழமும் தோலோட நின்னுச்சு, கதையும் ஆச்சு. எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவுங்க. அடேய், உதறாதே.