தலைகீழாகத் திருப்பிய விமானம்

"பட்டறை ஆளுங்க எல்லாரும் இறக்கை மேல ஏறி நின்னாச்சு ஐயா. இன்னும் என்ன சந்தேகம் உங்களுக்கு?"

கேட்டவர் வென்ட்லின். ஜெர்மனியில் ஆற்றுக்கு ஆறு பாலம் கட்டிப் பேர் வாங்கியவர். போர் வந்ததும் பாலத்தை விட்டுவிட்டு விமானம் கட்ட வந்துவிட்டார். 1916-ல் அதெல்லாம் சகஜம். யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று யாரும் அதிகம் விசாரிக்கவில்லை.

கேட்கப்பட்டவர் லாம்பெர்ட். வென்ட்லினைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் அந்தத் தொழிற்சாலைக்கே அவர்தான் ஆசான். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு விமானமும் தரையை விட்டுக் கிளம்பாது.

அவர் சரி என்று சொல்லவில்லை.

ஒரு வாரமாகச் சொல்லவில்லை. ஏதோ உறுத்துகிறது என்றார். என்ன உறுத்துகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

கொட்டகை நடுவில் புது விமானம் நின்றது. ஒரே ஆள் உட்காரும் சண்டை விமானம். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. இரண்டுக்கும் நடுவில் குறுக்கும் மறுக்குமாகக் கம்பிகள்.

வென்ட்லின் விடவில்லை.

"மேல் இறக்கையில வரிசையா நின்னாங்க ஐயா. நம்ம சமையல்காரர்கூட நின்னார். அவர் எடை உங்களுக்கே தெரியும். போட்டோ எடுத்தோம். ஒரு முனகல் இல்ல."

"கம்பியெல்லாம்?"

"பாதிக் கம்பி விறைப்பா நின்னுச்சு. மீதி தொளதொளன்னு தொங்குச்சு. சும்மா தொங்குறதுக்கு எதுக்கு அவ்வளவு கனம்? ராணுவத்துல எடையைக் குறை, எடையைக் குறைன்னு உயிரை எடுக்கறாங்க. தொங்கின கம்பியை எல்லாம் கழட்டிட்டு மெல்லிசா மாட்டிட்டேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்துவிட்டால் நம் எல்லோருக்கும் வருகிற பெருமைதான்.

ஆசான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில இதை ஓட்டப்போறது என் தம்பி யோஸ்ட்," என்றார் வென்ட்லின். "கூடப் பிறந்தவனையே ஏத்தறேன். இதுக்கு மேல என்ன உத்தரவாதம் வேணும்?"

ஆசான் எழுந்தார்.

"விமானத்தைத் தலைகீழாத் திருப்புங்க."

"எதுக்கு?"

"திருப்புங்க, சொல்றேன்."

ஆசான் சொன்னால் சொன்னதுதான். ஆட்கள் வந்து சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். சக்கரம் கூரையைப் பார்க்க, விமானத்தை மரச் சட்டத்தின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

வென்ட்லின் உள்ளுக்குள் திட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு மணல் மூட்டைகள் வந்தன. இறக்கையின் அடிப்பக்கம் இப்போது மேலே இருந்தது. அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள்.

"பறக்கும்போது இறக்கையை எது தாங்குது?" ஆசான் கேட்டார்.

"காத்து."

"எந்தப் பக்கத்திலிருந்து தள்ளும்?"

இதென்ன பள்ளிக்கூடத்துக் கேள்வி என்று வென்ட்லினுக்குக் கோபம் வந்தது.

"கீழே இருந்து மேலேதான்..."

அதோடு நிறுத்திவிட்டார்.

அவர் கண் கம்பிகளுக்குப் போனது. கனத்த கம்பிகள் எல்லாம் தொளதொளவென்று தொங்கின. மெல்லிய கம்பிகள் விறைத்து நின்றன. பறக்கும்போது பாரத்தைத் தாங்க வேண்டியவை அவைதான்.

"இறக்குங்க! மூட்டையை இறக்குங்க!"

"போடுங்க," என்றார் ஆசான்.

"ஐயா, வேண்டாம். புரிஞ்சுபோச்சு."

"போடுங்க."

அடுக்க வேண்டியதில் பாதி மூட்டைகள் இன்னும் தரையிலேயே கிடந்தன. அடுத்த மூட்டையை வைத்ததும் ஒரு கம்பி அறுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. இடது இறக்கை மடங்கி மணலோடு சேர்ந்து தரையில் விழுந்தது.

தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வென்ட்லின் மணல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய விமானம் கண்ணெதிரே சுள்ளியாகக் கிடக்கிறது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. உடையாமல் தப்பித்த ஓட்டுநர் இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரும் இல்லை.

சத்தம் கேட்டு யோஸ்ட் ஓடி வந்தான். பாதிச் சவரம் செய்த முகம், கழுத்தில் துண்டு.

"அய்யய்யோ! அண்ணா, உடைஞ்சுபோச்சே!"

"ஆமாண்டா, உடைஞ்சுபோச்சு!" வென்ட்லின் எழுந்து ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். "இங்கேயே உடைஞ்சுபோச்சுடா!"

சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. சோப்பு நுரை அவர் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அத்தனை ஆட்களுக்கு முன்னால் யோஸ்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"விடு அண்ணா, எல்லாரும் பார்க்கறாங்க. என்ன ஆச்சு உனக்கு?"

வென்ட்லின் விடவில்லை. தம்பியின் தோள்மேலாக ஆசானைப் பார்த்துக் கேட்டார்.

"இது உடையும்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

"தெரியாது. தாங்கினாலும் தாங்கியிருக்கும்."

ஆசான் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

யோஸ்டுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. விமானம் போச்சே என்ற எரிச்சல் மட்டும் இருந்தது.

"அப்போ நாளைக்குக் காலையில நான் என்னதான் பண்றது?"

"நல்லாத் தூங்குங்க," என்றார் ஆசான். "நானும் இன்னிக்குத்தான் தூங்கப்போறேன்."