யார் சாய்த்த பூதம்?

வேங்கைப்பட்டணத்து அரசர் சூரகேசரிக்குக் கப்பல் வியாபாரி ஒருவன் வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பரிசளித்துவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் மின்சாரம் ஏது என்று கேட்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். ராஜா கேட்டால் மின்சாரம் வந்துவிடும்.

நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து பாதாளக் கோட்டைக்குள் இறங்கி, வழியில் வரும் பூதங்களைச் சாய்த்து, கடைசியில் இருக்கும் பெரிய பூதத்தையும் வீழ்த்த வேண்டும். அதுதான் ஆட்டம். அரசர் ஒரு ரிமோட்டை எடுத்துக்கொண்டார். தளபதி இடும்பராயர், மந்திரி ஏகாம்பரம், அரசவை விகடகவி குற்றாலம் ஆகியோருக்கு ஆளுக்கொன்று கிடைத்தது.

"நீ யாராக வருகிறாய் என்று பெட்டி கேட்கிறதே?" என்றார் அரசர்.

"வாள்வீரன்" என்றார் தளபதி. அரசரும் வாள்வீரன் என்றார். அரசர் சொன்னதால் மந்திரியும் வாள்வீரன். மூன்று பேருக்கு நடுவில் தனியாக நிற்பானேன் என்று குற்றாலமும் வாள்வீரன்.

நாலு வாள்வீரர்களும் கோட்டை வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்துச் சிக்கிக்கொண்டார்கள். ஒரு பொடிப் பூதம் வந்து நிதானமாக நாலு பேரையும் தின்றுவிட்டுப் போனது. மறுபடியும் ஆடினார்கள். மறுபடியும் தின்றது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. அரசரின் முகம் சிவந்துபோனது.

"இன்றைக்குப் பெரிய பூதம் சாகாவிட்டால் சபையில் யாருக்கும் சோறு கிடையாது" என்றார்.

குற்றாலத்துக்கு நல்ல பசி. "மகாராஜா, சமையல்கட்டில் நாலு பேரும் தாளிக்கவே வந்து நின்றால் அரிசி களைவது யார்? ஆளுக்கொரு வேலை பிரிப்போம். தாங்கள் கேடயக்காரர். எல்லா அடியும் உங்கள் மேல்தான் விழும். ஆனால் நீங்கள் விழமாட்டீர்கள்."

"அதுதானே நான் தினமும் செய்வது" என்று அரசர் ஒப்புக்கொண்டார்.

"மந்திரி மந்திரவாதி. தூரத்தில் பத்திரமாக நின்று முணுமுணுத்துத் தீ வைக்க வேண்டும். அவருக்கு அது பழக்கம்தான்."

மந்திரி முறைத்தார். ஆனாலும் தூரத்தில் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

"நான் வாளை விடமாட்டேன்" என்றார் தளபதி. "மிச்சமிருப்பது வைத்தியன் வேஷம். கையில் ஆயுதமே இல்லாத வேலை. குற்றாலத்துக்குப் பொருத்தம்."

குற்றாலத்தை எப்படியாவது சபையிலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்பது தளபதியின் வெகுநாள் ஆசை. சட்டென்று அரசரிடம் குனிந்தார். "மகாராஜா, ஒரு பந்தயம் இருந்தால்தான் வீரம் பிறக்கும். யார் கணக்கில் பூதம் மிகக் குறைவோ, அவர் நாளை முதல் யானைக் கொட்டகையில் லத்தி அள்ளட்டும்."

ஆட்ட வெறியில் இருந்த அரசர் யோசிக்காமல், "அப்படியே ஆகட்டும், இது அரச ஆணை" என்றார். வைத்தியனால் ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது என்பது குற்றாலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆட்டம் தொடங்கியது. தளபதி யாருக்கும் காத்திராமல் ஓடினார். செத்தார். குற்றாலம் பச்சிலை வைத்து எழுப்பினார். நன்றிகூடச் சொல்லாமல் தளபதி மறுபடி ஓடினார். தங்கக்காசு ஒன்றைத் துரத்திப் பள்ளத்தில் விழுந்தார். எழுப்பினார். மரம் ஒன்று தின்றது. எழுப்பினார். அரசர் கேடயத்தோடு மலையாக நின்றார். மந்திரி வைத்த தீயில் பெரிய பூதமும் தளபதியின் மீசையும் சேர்ந்து எரிந்தன. தளபதி பதறிப்போய் நிஜ மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் பெரிய பூதம் சாய்ந்தது. சபையே கைதட்டியது. திரையில் கணக்கு வந்தது. தளபதிதான் முதலிடம். அடுத்து மந்திரி, அதற்கடுத்து அரசர். குற்றாலத்தின் பெயருக்கு எதிரே பூஜ்யம்.

"கூடை கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார் தளபதி.

அரசருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "ஆணை ஆணைதான், குற்றாலம். நான் என்ன செய்ய?"

"நிறைவேறட்டும், மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். போன மாதம் ஒரு மாட்டு வழக்கு வந்ததே, என்ன தீர்ப்புச் சொன்னீர்கள்?"

"செத்துவிட்டது என்று ஒருவன் ஆற்றங்கரையில் போட்டுப்போன மாட்டை இன்னொருவன் பிழைக்க வைத்தான். மாடும் அவனுக்கே, அது அதன் பிறகு உழுத உழவும் அவனுக்கே என்றேன்."

"அன்றைக்கு முதலில் கைதட்டியவர் நம் தளபதி. இன்றைக்கு அவர் செத்தார். நான் பிழைக்க வைத்தேன்."

தளபதி எழுந்தார். "அப்படியானால் நான் மாடா?"

"சட்டப்படி மட்டும்தான்" என்றார் குற்றாலம். "மகாராஜாவும் மந்திரியும் ஒருமுறைகூட விழவில்லை. அவர்கள் கணக்கு அவர்களுக்கே. தளபதி முதல்முறை செத்த பிறகு சாய்த்த பூதங்கள் என்னுடையவை. அதற்கு முன் சாய்த்தவை அவருடையவை. நியாயம்தானே?"

அரசர் தலையாட்டினார். "சொல்லும், இடும்பராயரே. முதல்முறை சாவதற்கு முன் எத்தனை பூதத்தைச் சாய்த்தீர்?"

தளபதி கூரையைப் பார்த்தார். "ஒரு வெட்டுதான் வெட்டினேன், மகாராஜா."

"அதில் எந்தப் பூதம் விழுந்தது?"

"பூதம் விழவில்லை."

"பின்னே அந்த வெட்டு யார் மேல் பட்டது?"

குற்றாலம் பணிவாகச் சொன்னார். "கேடயக்காரர் முதுகைத் திருப்பிப் பார்த்தால் தெரியும், மகாராஜா."

அரசர் ஒரு கணம் முதுகைத் தடவினார். பிறகு ரிமோட் கைநழுவி விழும்வரை சிரித்தார். சபைக்குச் சோறு வந்தது, குற்றாலத்துக்கு முத்துமாலை வந்தது, தளபதிக்குக் கூடை வந்தது.

மறுநாளும் அரசருக்கு ஆட்ட ஆசை வந்தது. நாலாவது ஆள் குறைகிறது என்று கொட்டகைக்குச் சொல்லி அனுப்பினார். தளபதி கைகூடக் கழுவாமல் ஓடி வந்து, வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"வைத்தியன் வேஷம் எனக்கு."