வாசலை நகர்த்திய பெருச்சாளி

புளியங்காட்டில் தொந்தியப்பன் என்றொரு பெருச்சாளி இருந்தது. வளை தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. முயல், முள்ளம்பன்றி, எலி எல்லாம் அது தோண்டிய வளைகளில்தான் குடியிருந்தன. தோண்டியதோடு அது சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை!

அமாவாசைக்கு அமாவாசை, எல்லாரும் மேயப் போன நேரம் பார்த்து, தொந்தியப்பன் வளைகளைப் புதுப்பிக்கும். யாரும் கேட்டதில்லை. ஒரு மாதம் எலி படுக்கும் இடம் கிழங்குக் குழியாகிவிட்டது. அடுத்த மாதம் முள்ளம்பன்றி வீட்டு நடை வளைந்து நெளிந்து போனது.

"பார்க்க எவ்வளவு அழகு!" என்றது தொந்தியப்பன்.

"அழகுதான்! ஒவ்வொரு வளைவிலும் எனக்கு நாலு முள் உதிர்கிறது!" என்றது முள்ளம்பன்றி.

வெள்ளச்சி என்ற முயலின் வளை மட்டும் அதுவரை தப்பியிருந்தது. வெள்ளச்சிக்கு மூன்று குட்டிகள். நரி வந்தால் புளிய வேரிலிருந்து மூன்று தாவு, இடப்பக்கம் ஒரு திருப்பம், உடனே வாசல்! குட்டிகளின் கால்களுக்கே அது மனப்பாடம்.

அடுத்த அமாவாசைக் காலையில், மேய்ந்துகொண்டிருந்தபோது நரி வந்தேவிட்டது. குட்டிகள் பறந்தன. மூன்று தாவு, ஒரு திருப்பம்... வாசலைக் காணோம்! கடைக்குட்டி வெறும் மண்ணில் மூக்கை இடித்துக்கொண்டு உருண்டது. வெள்ளச்சி பின்னங்கால்களால் நரியின் கண்ணில் மண்ணை வாரி இறைத்து, குட்டிகளை முட்புதருக்குள் தள்ளியது. நரியின் வாயில் கடைக்குட்டியின் வால் மயிர் நாலைந்து மட்டும் மிஞ்சியது.

வெள்ளச்சி நேராகத் தொந்தியப்பனிடம் ஓடியது. "என் வாசல் எங்கே ஐயா?"

"பின்பக்கம் வைத்தேன்! மேலே தழை போட்டு மறைத்தும் விட்டேன். பளிச்சென்று இல்லை?"

"என் பிள்ளை செத்திருக்கும்! பழையபடி வைத்துக் கொடுங்கள்!"

"பழசுக்குத் திரும்புவதா? அந்தப் பேச்சே கிடையாது! போகப் போகப் பழகிவிடும்!"

வெள்ளச்சிக்கு ஆத்திரம் பொங்கியது. திரும்பிப் போய் எல்லாரையும் கூட்டியது.

மறுநாள் தொந்தியப்பன் கிழங்கு தேடிப் போனது. உடனே முள்ளம்பன்றி தோண்ட, எலிகள் மண் தள்ள, குட்டிகள் குதித்துக் கும்மாளமிட, பெருச்சாளி வீடு புத்தம் புதிதாகிவிட்டது!

மத்தியானம் தொந்தியப்பன் தலைதெறிக்க ஓடி வந்தது. பின்னால் நரி! வழக்கமான வாசலில் பாய்ந்தது. டம்! வெறும் மண். மூக்கு வீங்கியதுதான் மிச்சம்.

"பின்பக்கம் வாருங்கள்! தழைக்கு அடியில்!" என்று உள்ளிருந்து கத்தியது வெள்ளச்சி. தட்டுத் தடுமாறி வந்த தொந்தியப்பனின் காதைக் கவ்வி உள்ளே இழுத்தது. நரி வெறும் வாயோடு திரும்பிப் போனது.

தொந்தியப்பன் மூச்சு வாங்க அலறியது. "யாரைக் கேட்டு என் வாசலை மாற்றினீர்கள்?"

உள்ளே காத்திருந்த முள்ளம்பன்றி கூரையைப் பார்த்தது. எலி வாலைத் தடவிக்கொண்டது. கேட்ட கேள்வி தொந்தியப்பன் காதிலேயே திரும்ப விழுந்தது. அதன் முகம் முதலில் சுருங்கியது. பிறகு தொந்தி குலுங்க அது சிரித்த சிரிப்பில் வளையே அதிர்ந்தது!

"போதும் தாயே! நாளைக்கே உன் வாசல் பழைய இடத்துக்கு வந்துவிடும்!"

சொன்னபடி வந்தது. கடைக்குட்டி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு மூன்று தாவு தாவி, ஒரு திருப்பம் திரும்பி, சொய்யென்று உள்ளே போனது! காடே கைதட்டியது.

அடுத்த அமாவாசையன்று தொந்தியப்பன் முள்ளம்பன்றி வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தது. "ஏதாவது மாற்ற வேண்டுமா?"

"இப்போதாவது கேட்டீரே! நடையை நேராக்கிக் கொஞ்சம் அகலமாக்கும்!" என்றது முள்ளம்பன்றி.

எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், பிறர் அன்றாடம் புழங்கும் ஒன்றை மாற்றுவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.