பொட்டு வைத்த கண்

ஒரு ஊர்வலக் காரின் பின்சீட்டை ஒட்டி ஒரு சென்சார் கண் இருந்தது. சுண்டைக்காய் அளவுதான். ஆனாலும் அது சம்மதிக்காமல் அந்தக் காரின் துணிக்கூரை இம்மியும் நகராது.

மன்னார்குடியில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தத் திறந்த காரைத்தான் தேடி வருவார்கள். கூரை மடிந்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து ஊர்க்கண் எல்லாம் வாங்கிக்கொள்வார். ஊர்வலம் முடிந்ததும் டிரைவர் பட்டனை அமுக்குவார்.

உடனே மோட்டார், "வழி சரியா?" என்று கேட்கும். கண் பள்ளத்தைப் பார்த்துவிட்டு "சரி" என்றால் கூரை எழுந்து வந்து மூடும். "சரியில்லை" என்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கண்ணிடம் மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. "தெரியலை" என்பது அது. அதைச் சொன்னால் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. கண்ணின் கௌரவம் அப்படி.

கல்யாண வீட்டுப் பெண்கள் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். வட்டமாக, வழவழவென்று இருந்த கண்ணைப் பார்த்தவர்கள் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். அடுத்த கல்யாணத்தில் அதன் மேலேயே இன்னொன்று. கண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டாருக்கு யார் பொட்டு வைத்தார்கள்? ஆயில் பம்ப்பை யாராவது திரும்பித்தான் பார்த்தார்களா?

முதலில் உலகம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு ஒரே மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. வெளியே சொன்னால் மானம் போகும் என்று கண் பயந்தது. அதனால் யார் கேட்டாலும் "சரியில்லை" என்றே சொல்ல ஆரம்பித்தது. அப்படிச் சொல்பவரை யாரும் குறை சொல்வதில்லை; ரொம்பப் பொறுப்பானவர் என்று பெயர்தான் கிடைக்கும்.

அன்று ஐப்பசி முகூர்த்தம். சாயங்காலம் அழைப்பு. வடகிழக்கில் வானம் கருத்துக்கொண்டு வந்தது. காரின் சொந்தக்காரர் தனசீலன் ஷெட் வாசலில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

"சலேத்து, மூடாத காரு வேணாம்னு பொண்ணு வீட்டுல கறாரா சொல்லிட்டாங்க. இன்னுமா கண்டுபிடிக்கிற?"

மெக்கானிக் சலேத்ராஜ் நிமிரவில்லை. "பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்."

அவர் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். "நான் உசுரோடதான் இருக்கேன்!" என்று அது கத்தியது. பம்ப்பில் ஆயில் பார்த்தார். கடைசியில் ஸ்பேனரால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டினார்.

"என்னை ஏன்யா அடிக்கிற? வழி சரியில்லைன்னு அவரு சொல்றாரு, நான் நிக்கிறேன்!" என்று மோட்டார் குமுறியது.

சலேத்ராஜின் பார்வை கண் மேல் ஒரு கணம் நின்றது. சந்தனம் காய்ந்து, குங்குமம் ஏறி, குட்டிச் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது அது. பிறர் வைத்த பொட்டில், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான தான் கைவைக்கலாமா என்று நினைத்து அவர் விரலை இழுத்துக்கொண்டார். தனசீலனும் அதைப் பார்த்தார். நல்ல நாளும் அதுவுமாகப் பொட்டை அழிப்பானேன் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளத்துக்குள்ளிருந்து கூரை மெல்லக் கேட்டது. "அண்ணே, வழியில நெசமாவே ஏதாச்சும் கெடக்குதா?"

"கெடக்குது," என்றது கண்.

"என்னாண்ணே அது?"

"பெருசா ஒண்ணு."

கூரை பள்ளத்துக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

தூரத்தில் இடி உருண்டது. தனசீலன் பொறுமை இழந்தார். "போதும் சலேத்து. கூரையை அறுத்து எடு. நாலு கம்பி நட்டு ஷீட்டு போட்டு, பூவைச் சுத்திடலாம்."

"அறுத்துட்டா திரும்ப ஒட்டாதுங்க."

"வேற வழி இருக்கா?"

சலேத்ராஜ் கட்டிங் மெஷினை எடுத்து வந்தார். அதன் இரைச்சலில் ஷெட்டே அதிர்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் கிட்டே வருவது மட்டும் கேட்டது. இப்போது சொன்னால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் கூரை போய்விடும். கண் தவித்தது. பேசாமல் "சரி" என்று சொல்லிவிடலாமா? உண்மையிலேயே பள்ளத்தில் ஏதாவது கிடந்தால் கூரை நசுங்கிப் போகுமே.

"பயப்படாதீங்கப்பா," என்று கூரை மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது. "அண்ணன் பாத்துதான் சொல்லுவாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த வார்த்தையைக் கண்ணால் தாங்க முடியவில்லை. பிளேடு துணியில் இறங்கிக் கிழிக்கும் சத்தம் கேட்டது. கூரை அலறியது.

"தெரியலை!" என்று கத்தியது கண். "எனக்கு ஒண்ணுமே தெரியலை! ரொம்ப நாளாவே தெரியலை!"

"யோவ், நிறுத்து!" என்று தனசீலன் பாய்ந்தார். "இங்க ஏதோ மஞ்ச லைட்டு எரியுது!"

சலேத்ராஜ் மெஷினை அணைத்துவிட்டு ஓடி வந்து விளக்கைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கண்ணைப் பார்த்தார். "நீங்களே தொடைச்சிடுங்க," என்றார்.

தனசீலன் மனதுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, துண்டின் நுனியை நனைத்து அழுத்தித் துடைத்தார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சலேத்ராஜ் பட்டனை அமுக்கினார்.

"வழி சரியா?" என்றது மோட்டார், நம்பிக்கையே இல்லாமல்.

கண் பார்த்தது. பள்ளத்தில் கூரையைத் தவிர ஒரு தூசிகூட இல்லை.

"சரி," என்றது.

கூரை எழுந்தது. நடுங்கி நடுங்கி வந்து, முன்கண்ணாடியின் விளிம்பைக் கவ்விக்கொண்டது. சலேத்ராஜ் காரை ஷெட்டுக்கு வெளியே எடுத்ததும் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. தனசீலன் சிரித்தபடி பெண் வீட்டுக்குப் போன் போட்டார்.

கூரைக்குத் தன் உடம்பைத் தானே பார்க்க முடியாது. இடது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் துணி வாய் பிளந்திருந்தது.

"அண்ணே, எங்கயாச்சும் ஒழுகுதா? நீங்க பாத்துச் சொன்னா போதும்."

கிழிசல் வழியாக இறங்கிய தண்ணீர் சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கண் அதைப் பார்த்தது. ஒவ்வொரு சொட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"ஒழுகுதும்மா," என்றது கண். "நான் ஒழுக விட்டது."