இரண்டு விரல் இறுக்கம்

"நட்டு சொல்றதக் கேளு, கை சொல்றதக் கேக்காத" என்றாரா, "கை சொல்றதக் கேளு, நட்டு சொல்றதக் கேக்காத" என்றாரா?

மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய அன்று பழைய மேஸ்திரி சொன்னது. நாச்சிமுத்துவுக்கு அரைகுறை ஞாபகம்தான். தனக்கு வசதியானதை, கை சொல்வதை, எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷம் எண்ணெய் ஆலையில் குழாய் பூட்டினான். அவன் பூட்டிய இணைப்பு ஒரு சொட்டுக் கசிந்ததில்லை.

நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, திருச்செங்கோட்டுச் சாலையில் லாரி கழுவும் ஷெட் போட்டான்.

நாலே மாதத்தில் பிரஷர் மெஷினின் ஓஸ் பைப் மூன்று போயிற்று. மூன்றும் போனது பைப் முனையை இணைக்கும் கப்ளிங் பக்கம்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தான்.

எதிர் ஷெட் கோகிலவாணியுடையது. அவனைவிடப் பதினாலு வயது சின்னவள். ஒரே ஓஸை ஆறு வருஷமாக ஓட்டுகிறாள் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அதைக் காதில் வாங்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை.

"அம்மணி, என்ன இறுக்கினாலும் கப்ளிங் ஒழுகுது."

"இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் பாக்கறதுங்ணா."

"நக்கல் பண்ணாத. போர்வெல் போடற ஒம்பது லாரி பத்து மணிக்கு வருது. பூஜைக்குள்ள கழுவித் தர்றேன்னு லாரி ஓனர் பொங்கியண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கறேன்."

"முடியாட்டி?"

அவன் சாலையைப் பார்த்தான்.

"மறுபடி மஸ்கட்டுதான். ஆறு மாசந் தாங்க மாட்டான்னு என் மச்சானுக ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறானுக."

கோகிலவாணி ஒரு வண்டியைக் கழுவி முடித்து அப்போதுதான் மெஷினை அணைத்திருந்தாள். ஓஸின் முனையை அவன் முன்னால் போட்டாள்.

"இதக் கழட்டுங்க பாக்கலாம்."

அவன் இடுப்பிலிருந்து குழாய் திருகும் பைப் ரிஞ்சை எடுத்தான். அவள் அதை வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். தொப்பென்றது.

"கையால."

கையால் திருகினான். அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினான். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

அவள் டீ குடித்து முடித்துவிட்டு வந்தாள்.

"வளைகுடாக் கை இவ்வளவுதானா?"

"ஜாம் ஆகியிருக்குது அம்மணி. யாராலயும் ஆகாது."

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். தண்ணீர் பீய்ச்சும் கன்னை எடுத்து, வெறும் மண்ணைப் பார்த்து விசையை அழுத்தினாள். ஒரு வீச்சுத் தண்ணீர் சீறியது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் நின்றது; ஓஸுக்குள் தேங்கியிருந்த அழுத்தம் இறங்கிவிட்டது.

இரண்டு விரலால் கப்ளிங்கைத் திருகினாள். பாட்டில் மூடி மாதிரி கழன்று வந்தது.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தான்.

கப்ளிங்குக்குள் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று சிலிக்கான் கிரீஸ் பூசி மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது. கீறலோ, நசுங்கலோ இல்லை.

"இப்ப மாட்டுங்க."

மாட்டினான். கை போன போக்கில், முழங்கை நரம்பு புடைக்க, கடைசியில் ஒரு அழுத்தும் கொடுத்தான். அதில் அவனுக்கு ஒரு நிறைவு.

அவள் மறுபடி கழற்றினாள். இந்த முறை அவளுக்கும் மூச்சு வாங்கியது. வளையத்தை ஊக்கால் நெம்பி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு ஓரம் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது.

"நாலு மாசம் வர வேண்டியது" என்றாள். "பரவாயில்லைங்ணா, கைவசம் வேற இருக்குது."

"உங்களுதக் கொண்டாங்க" என்றாள் அடுத்து.

அவன் போய்த் தன் ஓஸைக் கன்னோடு கொண்டுவந்தான். மரை முழுக்க வெள்ளை டேப் சுற்றியிருந்தது. ஆலையில் பழகிய கை, அளவு பிசகாமல் பன்னிரண்டு சுற்று. அவள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பாம்புச் சட்டை உரிவது போல வந்துகொண்டே இருந்தது. ஒரு துணுக்கு கன்னின் மூக்குவரை போய் அடைத்திருந்தது.

டேப்புக்கு அடியில் வளையத்தைத் தேடினாள். வளையமே இல்லை.

"எங்கங்ணா?"

"பிஞ்சுபோச்சு. டேப் இருக்கறப்ப அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கியது. சட்டென்று நிமிர்ந்தான்.

"இந்த பாரு அம்மணி. நான் போட்ட லைன் இன்னிக்கும் அங்க ஓடுது. பாலைவன வெயில்ல, இருபது வருஷமா. எவனும் தொட்டதில்ல."

"அது பெரிய வேலைங்ணா. எனக்கு வராது." அவள் நிஜமாகத்தான் சொன்னாள். "அந்த லைன ஒரு நாளைக்கு எத்தன தடவ கழட்டுவீங்க?"

"கழட்டறதா? கழட்டினா ஆலையே நின்னுரும்."

"நான் இத நாளைக்கு எட்டுத் தடவ கழட்டறேன்."

அவன் கையிலிருந்த நசுங்கிய வளையத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

அவள் மெஷினை நிழலுக்கு நகர்த்தப் போனாள். அவன் உதவிக்கு எழுந்து, வழக்கம்போல ஓஸைப் பிடித்து மெஷினை இழுத்தான். அவள் அவன் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். மெஷினைக் கைப்பிடியில் பிடித்து உருட்டிக்கொண்டு போனாள். ஓஸைக் கப்ளிங் பக்கம் மடங்காமல் பெரிய வட்டமாகச் சுருட்டி மேலே வைத்தாள்.

"ஆறு வருஷம் சும்மா வரலைங்ணா" என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சாலை முனையில் ஆரன் சத்தம் கேட்டது. முதல் போர் லாரி தெரிந்தது. பின்னாலேயே இரண்டாவது. பக்கமெல்லாம், வேலை முடித்து வந்த ஒடிசாவின் செம்மண் அப்பியிருந்தது.

நாச்சிமுத்து தன் ஓஸைக் கையில் எடுத்தான். கப்ளிங்கின் மரை பாதி தேய்ந்திருந்தது. புது வளையம் போட்டாலும் பிடிக்காது.

"டேப்பச் சுத்தி ரிஞ்சுல இன்னொரு கால் சுத்து விட்டா, ஒம்பது வண்டிக்குத் தாங்கும்" என்றான். அவளிடம் கேட்கிறானா, தனக்குச் சொல்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"தாங்கலாம்."

"தாங்காட்டி?"

"பிச்சுட்டு அடிக்கும். கன்னைக் கையில புடிச்சிருக்கறவன் மூஞ்சியக் கேளுங்க."

அவன் செல்போன் அடித்தது. பொங்கியண்ணன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. லாரி இரண்டும் அவன் ஷெட் முன்னால் நின்று, ஓட்டுநர்கள் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

கோகிலவாணி தொட்டிக்குள் கைவிட்டு அவன் ரிஞ்சை எடுத்தாள். துடைத்து அவனிடம் நீட்டினாள்.

"எங்கிட்ட மெஷின் ரெண்டு இருக்குதுங்ணா. ஆளுதான் ஒண்ணு."

அவன் ரிஞ்சை வாங்கவில்லை. போனை எடுத்தான்.

"பொங்கியண்ணா, நான்தான். வண்டி ஒம்பதையும் எதிர் ஷெட்டுக்குத் திருப்பச் சொல்லுங்க. இன்னிக்கு இருந்து நான் இங்கதான் வேலை பழகறேன்."