இடுப்பில் கை வைத்த டைனோசர்

கோபுரச் சிலைகள் செய்யும் சீடர் ஒருவர் ஒரு பூங்காவுக்கு டைனோசர் செய்தார். சுற்றி வளைக்காமல் சொன்னால், கேவலமாக வந்திருந்தது.

சீடர் பெயர் அய்யாக்கண்ணு. வருஷக்கணக்காகத் துவாரபாலகர் செய்த கை அது. பூங்காக்காரர்கள் கொடுத்தது ஒரு எலும்புக்கூட்டுப் படம் மட்டும்தான். அதற்குச் சிமெண்டில் சதை வைக்கப் போனவர், தனக்குத் தெரிந்ததையே வைத்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, கோரைப்பல்லைக் காட்டி, முழியை உருட்டிக்கொண்டு நின்றது டைனோசர். படத்தில் கை எலும்பு குட்டையாக இருந்தது. உடைந்திருக்கும் என்று நினைத்து அவரே நீட்டி, இடுப்பில் வைத்துவிட்டார். வாலைத் தூண் மாதிரி தரையில் ஊன்றினார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், அதன் காலடியில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பூங்கா மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொங்கலுக்குத் திறப்பு. அதுக்குள்ள இது டைனோசரா மாறணும். இல்லேன்னா இடிச்சிட்டு, ஃபைபர்ல ரெடிமேடா வாங்கிக்குவோம்."

இந்தச் சிலை சரியாக வந்தால் அடுத்த கோபுரத்தை அய்யாக்கண்ணுவே தனியாக எடுத்துச் செய்யலாம் என்று குரு சொல்லியிருந்தார். இல்லையென்றால் மறுபடியும் கலவை குழைக்க வேண்டியதுதான்.

குரு தில்லைமுத்து வயதில் சின்னவர். அதனால் சீடரை "அண்ணே" என்பார். அவர் வந்து சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார். எலுமிச்சம்பழத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"மத்தியானச் சோத்துக்கு ஆச்சு."

"சிரிக்காதீங்க குருவே. சாமியைக்கூட நாம பாத்ததில்ல. ஆனா அதுக்குச் சாஸ்திரம் இருக்கு, அளவு இருக்கு. இது எப்பவோ அழிஞ்சுபோன ஜந்து. உயிரோட பாத்தவன் ஒருத்தனும் இல்ல. நான் எதைப் பாத்துச் செய்ய?"

"அழிஞ்சுபோச்சா?"

"சின்னப் புள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும்."

குரு வேலிப்பக்கம் கை காட்டினார். அங்கே காவல்காரி சவரியம்மாவின் கோழி, குஞ்சுகளோடு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்குப் பூரா அதைப் பாருங்கண்ணே."

சீடருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் வந்தார்.

"என்ன பாத்தீங்க?"

"கோழி."

"அப்புறம்?"

"கோழிதான் குருவே. அதுல அப்புறம் என்ன இருக்கு?"

"நாளைக்கும் பாருங்க."

மறுநாளும் உட்கார்ந்தார். சவரியம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"ஏன்யா, என் கோழிக்கு மாப்பிள்ளை பாக்குறீரா? வெச்ச கண்ணு வாங்க மாட்டேங்குறீரே."

அந்த நேரம் பார்த்து, சிலையின் பீடத்தில் பூசியிருந்த ஈரச் சிமெண்டில் கோழி நடந்து போனது. "எழவெடுத்த கோழி!" என்று சீடர் பூசும் கரணையோடு ஓடினார். தடத்தை மெழுகி அழிக்கக் குனிந்தவரின் கையை, பின்னாலேயே வந்த குரு பிடித்துக்கொண்டார். எலும்புக்கூட்டுப் படத்தை எடுத்துத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

தடத்தில் முன்னால் மூன்று விரல். படத்திலும் மூன்று விரல்.

"இதுங்க கூட்டம் மொத்தமும் போயிடல அண்ணே. ஒரு கிளை சிறகோட தப்பிச்சு வந்துச்சு. காக்கா, குருவி, கோழி எல்லாம் அதுதான்."

"தூரத்துச் சொந்தம்னு சொல்லுங்க."

"சொந்தம் இல்ல. அதேதான்."

சீடர் சிரித்துவிட்டார். "போங்க குருவே! மசாலா தடவி வறுக்கிற ஜந்து. அதைப் போய்…"

"நம்ப வேணாம். ஒரு குஞ்சைப் புடிச்சிட்டு வாங்க. அது காலைப் படத்துல வெச்சுப் பாத்துடலாம்."

"யோவ், வேணாம்யா!" என்று சவரியம்மா கத்தினாள். அதற்குள் சீடர் குஞ்சின் மேல் கை வைத்துவிட்டார்.

தாய்க்கோழி கத்தவில்லை. தலையைத் தாழ்த்தியது. கழுத்தை முன்னால் நீட்டியது. உடம்பு ஈட்டி மாதிரி படுக்கையாக நீண்டது. அப்படியே வந்தது.

சீடர் குஞ்சை விட்டார், செருப்பை விட்டார், வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். முழங்காலில் ஒரு கொத்து விழுந்தது. சிலையைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தில் விடுவிடுவென்று ஏறி உச்சிக்குப் போய்விட்டார். கோழி கீழேயே நின்றது. ஒரு காலைத் தூக்கி, விரல்களை மடக்கி, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தது.

சவரியம்மா சிரித்த சிரிப்பில் விளக்குமாறு கீழே விழுந்தது.

சீடர் மூச்சு வாங்கிக்கொண்டு கோழியைப் பார்த்தார். சிலையைப் பார்த்தார். மறுபடியும் கோழியைப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"குருவே… வாலு தரையிலயே படல."

"ம்."

"தலை முன்னால போகுது, வாலு பின்னால இழுக்குது. தராசு மாதிரி. அதான் ரெண்டு காலுலயே நிக்குது. நான் அதை நிமிர்த்தி வெச்சுட்டேன் குருவே!"

"ம்."

"சம்மட்டியைக் குடுங்க. வாலை இப்பவே உடைக்கணும். அந்தக் கையையும்தான்."

"கீழதான் கிடக்கு. இறங்கி வந்து எடுத்துக்குங்க."

சீடர் ஒரு காலைக் கீழே வைத்தார். கோழி ஒரு அடி முன்னால் வந்தது. காலை மேலே இழுத்துக்கொண்டார்.

"அது போக மாட்டேங்குதே குருவே!"

குரு, சோத்துக்குப் போகாமல் மடியிலேயே கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கோழியின் முன்னால் மரியாதையாக வைத்தார்.

"அழிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே அண்ணே, அதை அதுகிட்டயே சொல்லிட்டு இறங்கி வாங்க."